வரப்போகும் படங்களும் திரும்பி வராத படங்களும்

தமிழ் சினிமா ரசிகர் புதுப் படத்தைப் பழைய படத்தை வைத்துத்தான் எடை போடுகிறார். போஸ்டர் வந்த அன்றைக்கே, டீசர் ஓடி முடிந்த கையோடு, அவர் வாயில் வருவது ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஒரு படத்தின் பெயர். ‘பாட்ஷா’ அளவுக்கு வருமா, ‘கில்லி’யின் வேகம் இருக்குமா, ‘நாயகன்’ மாதிரி மனதில் நிற்குமா என்பவைதான் அவருடைய கேள்விகள். வரப்போகும் படத்தைப் பற்றி அவர் சொல்லும் கருத்தில் பாதிக்கு மேல் பழைய படத்தின் மீதுள்ள பிரியம். அந்தப் பழைய படம் அவர் நினைவில் பத்திரமாக இருக்கிறது. பெட்டியில் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்பவர்தான் குறைவு. தமிழ் சினிமாவின் வருங்காலத்தைப் பற்றிய பேச்சு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஊரும் ருசியும்

இந்தக் கேள்வியை ஓர் ஊரிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலைக்கு மேற்கே அந்தப் பாதையில் இருக்கிறது அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலும், மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று மரபு சொல்லும் சிறு கோயிலும் இங்கே உள்ளன. பௌர்ணமி இரவில் பாதை முழுக்க ஜனம். கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். மற்ற நாள்களில் அதே கடை பெஞ்சுகளில் கைபேசியில் டிரைலர் ஓடும். வெள்ளிக்கிழமை டவுனில் என்ன படம் என்ற பேச்சு நடக்கும். பெரியவர் ஒரு படத்தைச் சொல்வார், பிள்ளை இன்னொன்றைச் சொல்லும். இருவரும் பேசுவது ஒரே நடிகரின் இரண்டு காலத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

இந்த வட்டாரத்து ரசனைக்கு மண் சார்ந்த ஒரு பிடிப்பு உண்டு. அருணகிரிநாதர் பிறந்த ஊர் திருவண்ணாமலை என்பது மரபு. டி.எம்.சௌந்தரராஜன் அருணகிரியாக நடித்துப் பாடிய ‘அருணகிரிநாதர்’ 1964-இல் வந்தது; திருப்புகழைப் படிக்காதவர்களுக்கும் அதன் சந்தம் காதில் ஏறியது இந்தப் படத்தால்தான். பிறகு ரஜினிகாந்தின் ‘அண்ணாமலை’ (1992), ‘அருணாசலம்’ (1997). இரண்டும் மலையின் பெயரைத் தாங்கியவை. ‘அண்ணாமலை’யில்தான் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்து ‘சூப்பர் ஸ்டார்’ என்று எழுத்து சேரும் தலைப்பு அட்டை தேவாவின் இசையோடு முதன்முதலில் வந்தது. சில நொடிகளே வரும் அந்த அட்டைக்குக் கிடைத்த விசில், பல முழு நீளப் படங்களுக்குக் கிடைத்ததில்லை.

பழைய படங்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்த விதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். படம் முதலில் ஏ சென்டர் எனப்படும் பெருநகரத்தில் ஓடும். பிறகு பி சென்டர், கடைசியாக சி சென்டர், டூரிங் டாக்கீஸ். ‘பெட்டி வந்தாச்சா?’ என்பது அந்தக் காலத்து ரசிகரின் முதல் கேள்வி. தகரப் பெட்டியில் ரீல் ரீலாக வந்த பிரிண்ட், கிராமத்துக் கொட்டகையை எட்டும்போது நூற்றுக்கணக்கான காட்சிகள் ஓடித் தேய்ந்திருக்கும். படம் முழுக்கச் செங்குத்துக் கோடுகள். அறுந்த இடங்களை ஒட்டி ஒட்டி, வசனம் பாதியில் தாவும். சில ஊர்களில் ஒரு பாட்டே காணாமல் போயிருக்கும். பெரியவர்கள் பலர் உயிராக நினைக்கும் படத்தை அவர்கள் முழுசாகப் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. நல்ல பிரதியில் அதை ஒரு முறையாவது பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

பழைய பெயரில் புதுப் படம்

வரப்போகும் படங்களைப் பற்றிய பேச்சு இப்போது பெரும்பாலும் பெயரிலும் பாகத்திலும் சுற்றுகிறது. ‘பொல்லாதவன்’ 1980-இல் ஒன்று, 2007-இல் ஒன்று. ‘படிக்காதவன்’ 1985-இலும் 2009-இலும். ‘நான் மகான் அல்ல’ 1984-இலும் 2010-இலும். ‘தங்க மகன்’ 1983-இலும் 2015-இலும். ‘மாவீரன்’ 1986-இலும் 2023-இலும். 1952-இல் தமிழ்நாட்டையே உலுக்கிய ‘பராசக்தி’யின் பெயரும் அண்மையில் ஒரு புதுப் படத்துக்குச் சூட்டப்பட்டது. பெயர் அறிவித்த அன்றே விளம்பரத்தில் பாதி முடிந்துவிடுகிறது. மீதியை ரசிகரின் ஞாபகம் பார்த்துக்கொள்கிறது.

இரண்டாம் பாகத்தின் கதை வேறு. 1996-இன் ‘இந்தியன்’ மீதிருந்த பிரியம் 2024-இன் ‘இந்தியன் 2’-க்குக் கூட்டம் சேர்த்தது. அதே பிரியம்தான் அதற்குக் கடுமையான நீதிபதியாகவும் ஆனது. 2005-இன் ‘சந்திரமுகி’யை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் 2023-இல் வந்த இரண்டாம் பாகத்தை ஒவ்வொரு காட்சியாக ஒப்பிட்டார்கள். மாறாக, 2022-இன் ‘விக்ரம்’ 1986-ஆம் ஆண்டுப் படத்தின் பெயரையும் நாயகனையும் எடுத்துக்கொண்டு, ‘கைதி’ (2019) படத்தின் உலகத்தோடு முடிச்சுப் போட்டு, புதுக் கதையாக நின்றது. ‘ஜெயிலர்’ (2023) படத்தின் அடுத்த பாகம் அறிவிக்கப்பட்டபோதும், ‘கைதி’யின் அடுத்த பாகம் எப்போது என்று கேட்கும்போதும், ரசிகர்களிடம் உற்சாகமும் பயமும் சேர்ந்தே இருக்கின்றன. முதல் பாகத்தின் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்ற பயம் அது.

பழைய பாடல்களுக்கும் இதே மவுசு. ‘லியோ’ (2023) படத்தில் ‘ஏழையின் சிரிப்பில்’ படத்துப் பாட்டு ஒலித்தது. ‘லப்பர் பந்து’ (2024) படத்தில் விஜயகாந்தின் ‘பொன்மனச் செல்வன்’ (1989) பாட்டு கதையோடு கலந்து வந்தது. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) என்ற மலையாளப் படம் தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறந்ததற்கு 1991-இன் ‘குணா’ பாடல் பெரிய காரணம். புதுப் படத்தின் உச்சக் காட்சிக்கே பழைய பாட்டு தேவைப்படுகிறது. தமிழ் சினிமாவின் இன்றைய முதலீட்டில் பழைய படங்களும் அடக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

திரும்பி வந்தவை

மறுவெளியீட்டுக்குப் புது வழி போட்டது பி.ஆர்.பந்துலுவின் ‘கர்ணன்’. 1964 பொங்கலன்று, எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்கார’னோடு மோதிய படம். 48 ஆண்டுகள் கழித்து 2012 மார்ச்சில், படமும் ஒலியும் டிஜிட்டலில் சீரமைக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது, சென்னையில் 100 நாள்களைக் கடந்து ஓடியது. முதல் வெளியீட்டைப் பார்த்தவர்கள் பேரப் பிள்ளைகளோடு வந்தார்கள். 2014-இல் எம்.ஜி.ஆரின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) அதே வழியில் வந்து வெள்ளிவிழா கண்டது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘உலகம் சுற்றும் வாலிபன்’ என்று வரிசை நீண்டது.

அடுத்த அலை இளைஞர்களுடையது. ‘கில்லி’ (2004) 20 ஆண்டு நிறைவையொட்டி 2024 ஏப்ரலில் திரும்பி வந்தபோது, அது முதலில் வந்த வருஷத்தில் பிறந்திராதவர்களும் அரங்கில் எழுந்து ஆடினார்கள். 2025-இல் மட்டும் ‘சச்சின்’, ‘கேப்டன் பிரபாகரன்’, ‘நாயகன்’, ‘படையப்பா’ என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. சென்னையின் ஒரு மல்டிபிளெக்ஸில் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ மறுவெளியீட்டில் 1000 நாள்களைத் தாண்டியது. அந்தப் படத்தைக் கைபேசியில் பார்க்க வழியில்லாதவர்கள் யாரும் அங்கே போகவில்லை. இருட்டில் நூறு பேரோடு சேர்ந்து பார்ப்பதற்காகவே டிக்கெட் வாங்கினார்கள்.

கருத்துக் கேட்டால் ரசிகர்கள் ஒரு நீண்ட பட்டியல் தருவார்கள்: இது திரும்ப வர வேண்டும், அது 4கே-யில் வர வேண்டும், இன்னொன்று தீபாவளிக்கு வர வேண்டும். அந்தப் பட்டியலில் எத்தனை படங்கள் உண்மையில் திரும்பி வர முடியும் என்பதைத் தீர்மானிப்பது ரசிகரின் ஆசையோ விநியோகஸ்தரின் பணமோ அல்ல. எங்கோ ஓர் அறையில், ஒரு தகர டப்பாவுக்குள் இருக்கும் நெகட்டிவ்தான் அதைத் தீர்மானிக்கிறது.

நெகட்டிவ் என்னும் உயிர்

35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். நொடிக்கு 24 சட்டகங்கள். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, 2,16,000 சட்டகங்கள். கேமராவில் பதிவானது மூல நெகட்டிவ். அதிலிருந்துதான் திரையரங்கில் ஓடும் பிரிண்ட்கள் போடப்படும். ஒலிக்குத் தனி நெகட்டிவ். படம் தப்பி ஒலி கெட்டால் ஊமைப் படம். ஒலி தப்பிப் படம் கெட்டால் வெறும் கதை வசனம். சீரமைப்பு என்பது இந்த 2,16,000 சட்டகங்களையும் ஒன்று விடாமல் கழுவி, ஸ்கேன் செய்து, கீறலையும் தூசியையும் அகற்றி, வண்ணத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. மூல நெகட்டிவ் இருந்தால் அற்புதம் நடக்கும். தேய்ந்த பிரிண்ட் மட்டும் இருந்தால், முகத்தின் நுணுக்கங்களும் நிழலுக்குள் இருந்த விவரங்களும் போனது போனதுதான்.

பிலிமுக்குத் தன்னுடலிலேயே எமன் உண்டு. 1950-களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. 2003 ஜனவரியில் புனேயில் நடந்த தீ விபத்தில் நாட்டின் பழைய நைட்ரேட் பிரதிகள் ஏராளமாகச் சாம்பலாயின. அடுத்து வந்த அசிடேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது உள்ளேயே சிதைந்து அமிலத்தை வெளியிடும். டப்பாவைத் திறந்ததும் காடி நெடி மூக்கில் ஏறும். பிலிம் சுருங்கி, நெளிந்து, புரொஜெக்டரின் பல்லில் உட்காராது. ஒரு ரீலில் தொடங்கியது பக்கத்து ரீலுக்கும் பரவும். 1970-களின் வண்ண பிரிண்ட்கள் பலவற்றில் நீலமும் பச்சையும் கரைந்து, நாயகியின் பச்சைப் புடவையும் பின்னாலிருக்கும் வயலும் ஒரே செம்பழுப்பாகிவிட்டன.

மருந்து ஒன்றுதான்: குளிர்ச்சியும் உலர்ந்த காற்றும். சேமிப்பறையின் வெப்பம் சுமார் 5 டிகிரி குறைந்தால் பிலிமின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பாதுகாப்பாளர்களின் கைக்கணக்கு. கோடையில் 40 டிகிரியைத் தொடும் திருவண்ணாமலையிலும், வருடம் முழுக்கப் புழுங்கும் சென்னையிலும், ஏ.சி. இல்லாத குடோனில் கிடக்கும் நெகட்டிவின் கதியை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

திரும்பி வராதவை

தென்னிந்தியாவில் முதல் கதைப் படத்தை எடுத்த ஆர்.நடராஜ முதலியார், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்து வேலூரில் பிறந்தவர். திருவண்ணாமலையும் பிற்பாடு அதே மாவட்டத்தில் சேர்ந்திருந்தது. சென்னை புரசைவாக்கத்தில் ஸ்டுடியோ வைத்து அவர் எடுத்த ‘கீசக வதம்’ முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் வந்தது. அவருடைய படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. 1931 அக்டோபர் 31-ஆம் தேதி வெளியான முதல் தமிழ் பேசும் படம் ‘காளிதாஸ்’ இல்லை. அதன் நாயகி டி.பி.ராஜலட்சுமி 1936-இல் தாமே இயக்கிய ‘மிஸ் கமலா’வும் இல்லை. தமிழில் முதன்முதலாக ஒரு பெண் இயக்கிய படம் எப்படி இருந்தது என்று இனி யாரும் பார்த்துச் சொல்ல முடியாது.

இப்படிப் போன படங்களுக்கு மிச்சமிருக்கும் சாட்சிகளில் முக்கியமானது பாட்டுப் புத்தகம். திரையரங்கு வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற மெல்லிய தாள் புத்தகம் அது. மேலட்டையில் நாயகன் நாயகி படம், உள்ளே நடிகர் பட்டியல், பாடல்கள், கதைச் சுருக்கம். சுருக்கம் கதையை முக்கால்வாசி சொல்லிவிட்டு, முடிச்சு இறுகும் இடத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். அன்று அது வியாபார தந்திரம். இன்று அந்த வெள்ளித்திரைப் படமே அழிந்துவிட்டதால், பல கதைகளின் முடிவு நிரந்தரமாகத் தொலைந்துவிட்டது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் இந்தப் பாட்டுப் புத்தகங்கள் காக்கப்படுகின்றன. காகிதம் தப்பியது, பிலிம் தப்பவில்லை.

எஞ்சியவையும் பெரும்பாலும் தற்செயலால் எஞ்சியவை. 1930-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் எடுக்கப்பட்ட ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப் படம் இன்றும் இருப்பதற்குக் காரணம் ஒரு வழக்கு. படத்துக்கு மூலமான நாவலின் பதிப்பாளர் வழக்குப் போட்டு வென்றதால் படத்தை ஓட்ட முடியவில்லை. பிரிண்ட் அவரிடமே முடங்கிக் கிடந்து, பிற்காலத்தில் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. ஓடித் தேய்ந்த படங்கள் அழிந்தன. ஓடாமல் கிடந்தது பிழைத்தது.

கருப்பு-வெள்ளைப் பிலிமில் உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளி உலோகம். ஓடி முடிந்த பிரிண்ட்களை எடைக்கு வாங்கி, வெள்ளிக்காகக் கரைத்தார்கள். சில்லறை லாபத்துக்காக ஒரு மொழியின் முகங்கள் அமிலத்தில் கரைந்தன. இது பாட்டன் காலத்துக் கதை மட்டும் இல்லை. பாலுமகேந்திரா தம் படங்கள் சிலவற்றின் நெகட்டிவ்கள் இல்லாமல் போனதை மேடைக்கு மேடை சொல்லி வருந்தினார். அவற்றில் தேசிய விருது பெற்ற ‘வீடு’ம் ஒன்று. தமிழ்நாட்டுக்கென ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று 2014-இல் மறையும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். 1980-களின் படத்துக்கே இந்தக் கதி என்றால், 1950-களின் சாதாரணக் குடும்பப் படங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவற்றுக்கு ரசிகர் மன்றம் கிடையாது; ஆகவே பெட்டியைத் திறந்து பார்க்கவும் ஆள் கிடையாது.

மாற்றி எழுதப்படும் படங்கள்

திரும்பி வரும் படம் போன படமாகவே வருகிறதா என்பது அடுத்த கவலை. ‘பாபா’ (2002) 2022 டிசம்பரில் திரும்பியபோது புதிய படத்தொகுப்போடும் புதிய டப்பிங்கோடும் வந்தது. ‘ஆளவந்தான்’ (2001) 2023-இல் கணிசமாகக் குறைக்கப்பட்டு வந்தது. இவை படைத்தவர்களின் சம்மதத்தோடு நடந்தவை. 2025 ஆகஸ்டில் நடந்தது வேறு வகை. ‘ராஞ்ஜணா’ (2013) என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’ மறுவெளியீட்டில், சோக முடிவு செயற்கை நுண்ணறிவால் சுப முடிவாக மாற்றப்பட்டது. இயக்குநரும் நாயகனும் வெளிப்படையாக எதிர்த்தார்கள்; ஆனாலும் படம் அப்படியே ஓடியது. காதலுக்காகத் தலை கொடுத்த அம்பிகாபதியின் பெயரைத் தாங்கிய படத்துக்கு இப்படி ஒரு முடிவு.

மூலப் பிரதி ஒரு பொதுக் காப்பகத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தால், இப்படி எத்தனை வடிவங்கள் வந்தாலும் ‘முதலில் இருந்தது இது’ என்று காட்ட முடியும். அது இல்லாத இடத்தில், கடைசியாகத் திருத்தியவரின் வடிவமே மூலமாகிவிடும். இருபது வருஷம் கழித்துப் பார்க்கும் பிள்ளைக்கு வேறு ஒன்று இருந்ததே தெரியாது.

அண்ணாமலை காட்டும் வழி

திருவண்ணாமலைக்கும் சினிமாத் திரைக்கும் வேறொரு பந்தமும் உண்டு. ரமண மகரிஷி தம்மிடம் வந்தவர்களுக்கு ஆன்மாவை விளக்க அடிக்கடி எடுத்த உவமை சினிமாத் திரை. திரையில் நெருப்பு வந்தாலும் திரை எரியாது, வெள்ளம் வந்தாலும் நனையாது. படங்கள் வந்து போகும், திரை அப்படியே நிற்கும் என்பது அதன் சாரம். திரை எரியாது என்பது வேதாந்தம். பிலிம் எரியும் என்பது அனுபவம்.

மகரிஷியே நடமாடும் மௌனப் படச் சுருள்கள் சில உள்ளன. அவர் மலைச் சரிவில் தடியூன்றி நடப்பதும் பக்தர்களுக்கு நடுவே அமர்ந்திருப்பதும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. ரமணாசிரமம் அந்தச் சுருள்களையும் பழைய புகைப்பட நெகட்டிவ்களையும் போற்றிக் காத்து, டிஜிட்டலாக்கி, பக்தர்கள் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. சில நிமிடக் காட்சிக்கு இவ்வளவு அக்கறை. அந்தச் சுருளில் இருப்பது இனி ஒருபோதும் படம் பிடிக்க முடியாத உருவம் என்ற உணர்வே அதற்குக் காரணம். 1936-இல் டி.பி.ராஜலட்சுமி இயக்கிய காட்சியும் இனி ஒருபோதும் படம் பிடிக்க முடியாததுதான். கிரிவலப் பாதையில் ஆசிரமத்தைக் கடந்துதான் அடி அண்ணாமலைக்குப் போக வேண்டும். பாதுகாப்பின் பாடம் போகிற வழியிலேயே இருக்கிறது.

திருவெம்பாவை இன்று கையில் இருப்பதற்கும் காரணம் பாதுகாப்புதான். ஓலை சில நூற்றாண்டுக்கு மேல் தாங்காது. தலைமுறைக்குத் தலைமுறை யாரோ உட்கார்ந்து புது ஓலையில் எழுதினார்கள். எழுத ஆள் இல்லாத நூல்கள் செல்லுக்கும் ஆடிப்பெருக்குக்கும் இரையாயின. பிலிமுக்கும் அதே விதி: பிரதி எடுத்துக்கொண்டே இருப்பவன் கையில்தான் அது உயிரோடிருக்கும்.

டிஜிட்டலும் தப்பாது

இன்றைய படங்கள் டிஜிட்டலில் இருப்பதால் கவலையில்லை என்ற நினைப்பு ஆபத்தானது. ஹார்டு டிஸ்க் பத்து வருஷம் சும்மா கிடந்தால் திறக்காமல் போகலாம். நீண்டகாலச் சேமிப்புக்கான காந்த நாடாக்களை, சில தலைமுறை தாண்டிய புதுக் கருவிகள் படிக்காது. சில வருஷத்துக்கு ஒரு முறை புது நாடாவுக்கு மாற்றியாக வேண்டும். ஓ.டி.டி.யில் இருக்கும் படம் உரிம ஒப்பந்தம் முடிந்தால் ஓர் இரவில் மறையும். யூடியூபில் கிடைக்கும் பழைய படங்களில் பல, தொலைக்காட்சிக்காக எப்போதோ மாற்றப்பட்ட மங்கலான பிரதிகள். மூலையில் சேனல் முத்திரை, நடுவில் இரண்டு பாட்டுக் குறைவு. வரப்போகும் வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்தின் மூலக் கோப்பு 2060-இல் யாரிடம் இருக்கும் என்று கேட்டால், பதில் சொல்லும் தயாரிப்பாளர்கள் சிலரே இருப்பார்கள்.

சட்டமும் உரிமையும்

புத்தகம் அச்சானால் பொது நூலகங்களுக்குப் பிரதி அனுப்பியாக வேண்டும் என்கிறது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். கன்னிமாரா நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் குவிந்திருப்பது அதனால்தான். பிறகு செய்தித்தாளும் அந்தச் சட்டத்தில் சேர்ந்தது. திரைப்படம் சேரவில்லை. பிரான்சில் திரைப்படத்துக்கும் இத்தகைய கட்டாய வைப்பு உண்டு. அமெரிக்காவில் 1989 முதல் ஆண்டுக்கு 25 படங்களைத் தேர்ந்து தேசியப் பதிவேட்டில் சேர்க்கிறார்கள். அங்கேயும் மௌனப் படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. போன பிறகாவது விழித்துக்கொண்டார்கள்.

உரிமைச் சிக்கல் இன்னொரு முட்டுக்கட்டை. நெகட்டிவ் உரிமை கடனுக்கு ஈடாகக் கைமாறி, வாங்கியவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய், வாரிசுகளுக்குள் பிரிந்து, கடைசியில் யாருடையது என்றே தெரியாமல் கிடக்கும் படங்கள் பல. 2024-இல் ‘குணா’வின் மறுவெளியீட்டுக்கு, பதிப்புரிமை வழக்கில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நாடே அந்தப் பாடலைப் பாடிக்கொண்டிருந்த நேரம் அது. ஊரறிந்த படத்துக்கே இப்படி என்றால், உரிமை கேட்க ஆளில்லாத படத்துக்கு நெகட்டிவ் வாடகை கட்டப்போவது யார்?

பழைய படத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் புதியவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கலாம், எல்லாக் குப்பையையும் காக்கத் தேவையில்லை என்று வாதிடுவோரும் உண்டு. எது குப்பை என்பதை அந்தந்தக் காலத்து வசூல் தீர்மானித்திருந்தால், இன்று கொண்டாடப்படும் பல படங்கள் மிஞ்சியிருக்காது.

முடியும் என்பதற்குச் சான்றுகள்

செய்தால் முடியும். உதய் சங்கர் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த ‘கல்பனா’ (1948) வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றின் உதவியால் சீரமைக்கப்பட்டு 2012-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அரவிந்தனின் மலையாளப் படமான ‘தம்ப்’ 2022-இல் அதே மேடை ஏறியது. மத்திய அரசின் தேசியத் திரைப்பட மரபுத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 597 கோடி ரூபாய். 2017 அக்டோபரில் சென்னையிலேயே பிலிம் பாதுகாப்புப் பயிற்சிப் பட்டறை நடந்தது. கைத்திறனும் கருவியும் நாட்டில் இருக்கின்றன. தமிழ்ப் படங்களுக்கென்று வரிசையில் நின்று கேட்கும் குரல்தான் போதவில்லை.

தனி மனிதரால் எவ்வளவு முடியும் என்பதற்கு ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் சாட்சி. ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தில் மக்கள் தொடர்பாளராகத் தொடங்கி, 2016-இல் மறையும் வரை, வெளியான தமிழ்ப் படங்களின் விவரங்களையும் புகைப்படங்களையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதுவோர் யாரும் அவர் திரட்டியதைத் தொடாமல் போக முடியாது. அந்த வேலைக்கு முதல் தகுதி சினிமா மீதிருந்த தீராத ஆசை. அந்தத் தகுதி தமிழ்நாட்டில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது.

தேவையானவை நான்கு. குளிரூட்டிய சேமிப்பறைகளோடு தமிழ்நாட்டுக்கென ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம். தணிக்கை பெறும் ஒவ்வொரு தமிழ்ப் படத்தின் மூலத் தரப் பிரதியும் அங்கே கட்டாயம் சேர ஒரு சட்டம். உரிமையாளர் தெரியாத படங்களைக் காப்பகம் சீரமைக்கலாம் என்ற அனுமதி. மறுவெளியீட்டு வசூலில் ஒரு சிறு பங்கு, திரும்பி வரும் வசதியில்லாத படங்களின் பாதுகாப்புக்கு.

இவற்றைக் கேட்க வேண்டியவர் ரசிகர். பாலாபிஷேகத்துக்கும் கட் அவுட்டுக்கும் திரளும் கை ஒரு மனுவில் கையெழுத்துப் போடத் திரண்டால் எந்த அரசும் காது கொடுக்கும். வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம், 16 எம்.எம். ரீல், போஸ்டர், கொட்டகை நோட்டீஸ் எது கிடந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல், ஓர் ஆய்வு நூலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். அடுத்த படம் எப்போது வரும் என்று கேட்கும் ஒவ்வொரு முறையும், பிடித்த பழைய படத்தின் நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்றும் ரசிகர்கள் சேர்த்துக் கேட்க வேண்டும்.